நான்கு தையல் மெஷின்களும் ஒரு மேற்பார்வையும்

அன்பும் மதிப்பும் மிக்க மாமாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும் உங்கள் கணினிகளின் நலமும் அறிய ஆவல். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். உங்கள் அக்கா வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் தையல் கடையில் ஆர்டர் எடுத்த பள்ளிச் சீருடைகளை நாளைக் காலை கொடுத்தாக வேண்டும். தவறினால் இனி ஆர்டர் எதிர்க்கடைக்குத்தான். அதனால் அம்மா தன் மெஷினுக்குப் பெரிய மோட்டார் மாட்டினாள். முதலில் பறந்தது. பிறகு நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, கொதித்த மோட்டாரைத் தொட்ட அப்பா கையை உதறிக்கொண்டு குதித்தார். கணினிக்குள் கணக்குப் போடும் ஒரே செயலியை மேலும் மேலும் விரட்டினால் சூடேறிவிடும், அதனால் நிதானமான பலவற்றை அருகருகே வைத்து வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் போனில் சொன்னதை அம்மாவுக்கு விளக்கினேன்.

"சரிடி பெரிய மனுஷி, நீயே பிரிச்சுக் குடு" என்று பழைய மோட்டாரையே மாட்டிக்கொண்டாள்.

பெரியம்மாவும், மாடிவீட்டு அக்காவும், அவளுடைய மாமியாரும் தங்கள் மெஷின்களோடு வந்தார்கள். காலர் பெரியம்மாவுக்கு, சட்டைக் கைகள் மற்ற இருவருக்கும், எல்லாவற்றையும் சேர்ப்பது அம்மா. மேற்பார்வை நான். இங்கேதான் மாமா, உங்கள் விஞ்ஞானம் காலை வாரியது. மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியாது. இடது கைத் துணிகளையே இருவரும் பாதிப் பாதியாக எடுத்துத் தைத்துத் தள்ளினார்கள். வலது கைகள் அப்படியே கிடந்தன.

"அவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அவங்க சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."

உடனே ஒரு விதி போட்டேன்: ஒவ்வொரு துண்டையும் நான் பார்த்து அனுமதித்த பிறகுதான் அடுத்தவர் கைக்குப் போகணும். அப்புறம் பார்த்தா நாலு மெஷினும் சும்மா நிக்குது மாமா! பெரியம்மா கொட்டாவி விடறாங்க, அப்பா வேற "நாலு பேர் சேர்ந்து அரை ஆள் வேலை பாக்கறீங்களே"ங்கறார்.

அம்மா தனியாகத் தைக்கும்போது அடுத்து என்ன என்று யாரையும் கேட்பதில்லை. நாலு பேரானதும் வேலையைவிடக் கேள்வி பெருகிவிடுகிறது. ஆகவே ஒற்றைச் செயலியே மேல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பெரிய மோட்டார் சூடாகாமலிருக்க உடனே வழி சொல்லுங்கள். இதை அப்பா போனில் படமெடுத்து அனுப்புகிறேன்.

அத்தைக்கு வணக்கம், குட்டிப்பயலுக்கு முத்தம்.

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: என் முடிவை அடித்துவிடவும். நான் இதை எழுத உள்ளே வந்ததும் அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லையாம். "வலதை இங்க தள்ளு" என்று மாமியாரே முதலில் பேசினாராம். சட்டைகளையெல்லாம் மடித்துக் கட்டியாகிவிட்டது. சரிபார்க்க ஒன்றையாவது பிரித்துக் காட்டச் சொன்னேன். அம்மா கடை விளக்கை அணைத்துவிட்டாள்.