இளம் பெண்களுக்கு ஊக்கம் கொடுக்கும் கனவான்

கொழும்பில் எத்தனையோ வகை மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் அண்மைக்காலமாகப் பெருகிவரும் ஒரு வகையைக் கவனித்தீர்களா? ஊக்கம் கொடுப்பவர். முன்பு இவர் கோயில் திருப்பணிக்கும் வாசிகசாலைக்கும் ஊக்கம் கொடுத்தார். இப்போது கணினி வந்துவிட்டது, பெண்பிள்ளைகளும் அதைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே இவரும் துறை மாறி, தொழில்நுட்பத்தில் இளம் பெண்களைத் தலைவிகளாகவும் தொழிலதிபர்களாகவும் ஆக்கும் பொறுப்பைத் தாமாகவே தோளில் ஏற்றிக்கொண்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருப்பவருமல்லர்.

அடையாளம் காண்பது எளிது. இவர் வீட்டில் ஒரு கணினி இருக்கும். பூ வேலை செய்த துணியால் அதை மூடி, ரொறன்ரோவிலிருந்து மகன் விடுமுறைக்கு வரும்வரை உறங்க விட்டிருப்பார். இவர் நடத்தும் மன்றத்தின் செயற்குழுவில் எட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருப்பார்கள். அந்தப் பெண் இவருடைய மனைவி. அவர் சிற்றுண்டிக்குப் பொறுப்பு. ஆண்டு விழாவில் ஐந்து ஆண்கள் மேடையில் வரிசையாக அமர்ந்து, நம் பெண்பிள்ளைகள் ஏன் மேடைக்கு வரத் தயங்குகிறார்கள் என்று ஒருவர் பின் ஒருவராகக் கவலைப்படுவார்கள். பெண்பிள்ளைகள் வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள்.

"என்ர மகளாயிருந்தாலும் இதைத்தான் சொல்லுவன், துணிஞ்சு முன்னுக்கு வாங்கோ!" என்பது இவருக்குப் பிடித்த வசனம். இவருக்கு மகள் உண்டு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணினி படித்துக்கொண்டிருந்தபோது லண்டன் மாப்பிள்ளை ஒருவர் அகப்பட்டார், படிப்பு நின்றது. அந்தக் கதை மேடைக்கு வராது.

பொதுப்படையாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரைக் காட்டுகிறேன். ஸ்ரீஸ்கந்தராசா, இளைப்பாறிய பொறியியலாளர், வெள்ளவத்தையில் மாடி வீடு, மகளிர் தொழில்நுட்ப முன்னேற்ற மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர். அந்த ஆண்டு இவர் கண்டெடுத்த இளம் தலைவியின் பெயர் சிவமணி. வயது இருபத்துநான்கு. வவுனியாவிலிருந்து படையினரிடம் பாஸ் என்னும் பயண அனுமதி எடுத்து வந்து, காலி வீதியில் ஒரு லொட்ஜில் தங்கி, கொட்டாஞ்சேனைத் தோழி யோசெப்பினுடன் சேர்ந்து மருந்துக்கடைகளுக்கு ஒரு மென்பொருள் எழுதியவர். எந்த மருந்து எந்தத் திகதியில் காலாவதியாகும் என்று அது முன்கூட்டியே எச்சரிக்கும். மூன்று கடைகள் வாங்கிவிட்டன. ஒரு தனியார் மருத்துவமனையும் தை மாதம் தொடங்கச் சொல்லியிருந்தது.

அப்போதுதான் லொட்ஜ்காரர், யுத்தம் நடக்கும் வடக்கிலிருந்து வந்த இளம் ஆட்களை வைத்திருந்தால் பொலிஸ் சோதனை ஓயாது என்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையை விடச் சொன்னார். வேறு எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர் தம் வீட்டில் இருப்போரின் பொலிஸ் பதிவுப் படிவத்தில் சிவமணியின் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அது கிடைக்காவிட்டால் வவுனியாவுக்குத் திரும்ப வேண்டியதுதான். மென்பொருளும் அதோடு சரி. யோசெப்பின் வீடோ ஒன்றரை அறை. உள்ளே ஆறு பேர். அங்கே கேட்கச் சிவமணிக்கு வாய் வரவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா வீட்டு மேல்மாடியோ மூன்று ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது.

"சேர், மேல்மாடியில ஒரு அறை தந்தால் போதும். வாடகை தாறன். பொலிஸ் படிவத்தில என்ர பேரையும் எழுதி ஒரு கையெழுத்து..."

"பிள்ளை, நீர் ஆர்?"

"சிவமணி, சேர்."

"அதில்லை. நீர் ஒரு தலைவி. தலைவி எண்டவ இன்னொராளிட்டப் போய்க் கேட்டுக்கொண்டு நிக்கக் கூடாது. சொந்தக் காலில நிக்கவேணும்."

"நிக்கிறதுக்கு ஒரு இடம் வேணுமே, சேர்."

"பாத்தீரே, என்ன கெட்டித்தனமான பதில்! இதைத்தான் நான் எல்லா இடமும் சொல்லுறனான்." மனைவியைக் கூப்பிட்டு அந்தப் பதிலைத் திரும்பச் சொல்ல வைத்தார். தேநீர் வந்தது.

"உம்மில எனக்கு நூறு வீதம் நம்பிக்கை, பிள்ளை. ஆனால் நம்பிக்கை வேற, படிவம் வேற. நாளைக்கு ஏதும் ஒண்டு எண்டால் பொலிஸ் என்ர கதவையெல்லே தட்டும்?"

வெறுங்கையோடு அனுப்பினாரா? அனுப்புவாரா! மன்றத்தின் கடிதத் தாளில், சிவமணி இனத்தின் எதிர்காலம் என்றும் இருபத்தோராம் நூற்றாண்டின் நம்பிக்கை நட்சத்திரம் என்றும், நல்ல ஆங்கிலத்தில், முத்திரை குத்தி, ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். எந்த வீட்டில் இருக்கிறார் என்பது மட்டும் அதில் இல்லை.

சனிக்கிழமை விடிய லொட்ஜில் சோதனை. லொட்ஜ்காரர் தம் படிவத்திலிருந்து பெயர்களை முதல் நாளே வெட்டியிருந்தார். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட சிவமணி அங்கே அந்தக் கடிதத்தை நீட்டினார். அதிகாரி முன்னும் பின்னும் பார்த்தார். "கெதர அயிதி காடத?" என்றார்; வீடு யாருடையது என்று கேட்டார். சிவமணி விரலால் கடிதத் தலைப்பைக் காட்டினார். கடிதத்தின்மேல் தம் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

காலை ஏழு மணிக்கு யோசெப்பின் தொலைபேசியில் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பிடித்தார். "சேர், ஒருக்கா வந்து எங்களுக்குத் தெரிஞ்ச புள்ளைன்னு சொல்லுங்க சேர்."

"இண்டைக்கு எப்பிடிப் பிள்ளை? இண்டைக்கு விழாவெல்லே!"

ஆம், விழா. சிறந்த இளம் பெண் தொழிலதிபர் விருது. விருது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்?

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. "எங்கட இளம் தலைவி தவிர்க்க முடியாத ஒரு அலுவலா நிக்கிறா," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் ஸ்ரீஸ்கந்தராசா. "தொழிலதிபர் எண்டால் அப்பிடித்தான், நேரம் கிடையாது!" சபை சிரித்தது. பொன்னாடையை அவர் சார்பில் தாமே போர்த்திக்கொண்டார். நாங்கள் கைதட்டினோம். நானும்தான். சிற்றுண்டிக்கு வந்த பற்றிஸ் சூடாக இருந்தது.

அதே நேரத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து யோசெப்பினின் தாய் றோஸி, துறைமுகத் தொழிலாளியின் மனைவி, வீட்டுப் படிவத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் வந்து பொலிஸ் நிலையத்தில் இறங்கினார். "அபே லமயெக், மஹத்தயா," எங்கள் பிள்ளை ஐயா, என்று சிங்களத்தில் தொடங்கி, மூன்று மணி நேரம் அந்த மேசையை விட்டு நகரவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு, ஆறு பெயருக்குக் கீழே ஏழாவதை எழுதிக் கையெழுத்திட்டார்.

"அன்ரி, உங்களுக்குப் பிரச்சினை வந்தால்?" என்று சிவமணி அழுதாராம்.

"வந்தா பாக்கலாம் மகள். அந்தக் கம்பியூட்டர் பெட்டியில நீங்க ரெண்டு பேரும் என்னா செய்றீங்களோ, எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. அழாம நட, பஸ் வருது."

பெண் தலைமைத்துவத்தைப் பற்றி அந்த ஆண்டு கொழும்பில் நிகழ்ந்த உரைகளில் இது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. தை மாதம் மருத்துவமனையில் மென்பொருள் தொடங்கிவிட்டது.

றோஸியை யாரும் ஊக்கம் கொடுப்பவர் என்று சொல்வதில்லை. அது சரிதான், அவரிடம் கடிதத் தாள் இல்லை. என் வீட்டிலும் ஓர் அறை பூட்டியே கிடந்தது. பூட்டியதற்கு ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சிவமணி அறை தேடுவது தெரிந்தும் நான் அதைத் திறக்கவில்லை.

போன கிழமை ஸ்ரீஸ்கந்தராசாவை மார்க்கெட் வாசலில் கண்டேன். செயற்குழுவில் ஓர் இடம் வெறுமையாம். பெண்பிள்ளைகளின் முன்னேற்றத்தில் மெய்யான அக்கறையும், கேட்டவுடன் இரண்டு வார்த்தை நன்றாகப் பேசும் பழக்கமும், கொஞ்சம் வசதியான வீடும் உள்ள ஒருவராய் வேண்டுமாம். யோசித்துப் பார்த்து, உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கோபிக்க வேண்டாம். நான் பிழையாகக் கொடுத்திருந்தால் அதை நிரூபிப்பது சுலபம். உங்கள் வீட்டுப் பொலிஸ் படிவத்தில் இன்னொரு பெயருக்கு எத்தனை வரி இன்னும் எழுதாமல் கிடக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.