புகாரே வராத பெட்டி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் தங்கள் இன்டர்நெட் கம்பெனி ஆபீஸும் நலம். தங்கள் முதுகுவலி வைத்தியம் முடியும்வரை தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை தாங்கள் கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தம் என்னை உட்காரவிடவில்லை.

நாலாயிரம் வீட்டுக்கும் நம்ம இன்டர்நெட்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியை எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்று முடிவுசெய்ய மேனேஜர் ஒரு கமிட்டி போட்டார். கமிட்டி என்றால் அவரும் அவர் மச்சினரும். நான் கம்பி இழுக்கிறவன், அதனால கதவோரம். முதல் கம்பெனியிலேருந்து ஏழு பேர் வந்தாங்க, பெட்டி வரலை. "கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு சார்"னு சொல்லிட்டு அம்பத்தெட்டு படம் போட்டுக் காட்டினாங்க. மச்சினர் பத்தாவது படத்துலயே தூங்கிட்டார். ரெண்டாவது கம்பெனிப் பெட்டியில பச்சை லைட்டை மேனேஜர் ஒண்ணொண்ணா எண்ணினார்.

"ரெண்டு லைட்டு எரியலையே?"

"அது இப்ப வயர் சொருகாம சும்மா இருக்குற போர்ட்டு சார்."

"சும்மா இருக்கவா நான் வாங்குறேன்?"

அவ்வளவுதான், அவங்களும் அவுட்டு. மூணாவது கம்பெனியிலேருந்து ஒரே ஆள் வந்தார், பெட்டியை என் கையில குடுத்து, "ஒரு நாள் மாட்டிப் பாருங்க தம்பி"ன்னுட்டுப் போயிட்டார். இன்னைக்குக் காலையில மாட்டினேன். தினம் அலறி அலறித் தொண்டை கட்டுற நம்ம புகார் போன் சாயங்காலம் வரைக்கும் முனகக்கூட இல்லை. போன் எடுக்குற அக்கா மேஜையில தலைவெச்சுத் தூங்கி எழுந்து முகம் கழுவிட்டு வந்துட்டாங்க. மேனேஜர் "புகார்: பூஜ்யம்"னு எழுதி நூத்துக்கு நூறு மார்க் போட்டுட்டார். எனக்குச் சந்தேகம். என் செல்லுலேருந்து புகார் நம்பருக்கு அடிச்சேன். ரிங்கே போகலை. ஏன்னா அந்தப் போனும் இதே பெட்டி வழியாத்தானே மாமா ஓடுது? பெட்டி செத்துப்போச்சு, கூடவே போனும். அப்புறம் புகார் எந்த வழியா வரும்? ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சார், போன் செத்துக் கிடக்கு. ஊரு பூரா நெட் இல்லாம உக்காந்திருக்கும்."

"காலேஜைப் பாதியில விட்டவன் எனக்குப் பாடம் எடுக்குறியா? பூஜ்யம்னா பூஜ்யம்டா."

"போனே போகலை சார்."

"அப்ப இன்னும் நல்லது. தொல்லை விட்டுது."

இது அஞ்சு வருஷ ஒப்பந்தம் மாமா. நீங்க கையெழுத்துப் போட்டா அத்தனை வீடும் எதிர் கம்பெனிக்குப் போயிடும். மேனேஜர் ஏசி ரூம்ல இருப்பார், கம்பத்துல தொங்கித் திட்டு வாங்கப்போறது நான். தயவுசெஞ்சு பேனாவைத் தொடாதீங்க.

அத்தைக்கு என் வணக்கம். உங்க முதுகு சீக்கிரம் நேராகட்டும், மேனேஜர் மூளையும்.

இப்படிக்கு,
கதவோரத்துக் கமிட்டி மெம்பர்

பி.கு.: செவ்வாய் மதியம். ஒரு நாள் கெடு முடிஞ்சுதேன்னு காலையில பழைய பெட்டியை மாட்டினேன். போனுக்கு உயிர் வந்து இதுவரைக்கும் அறுபது பேர் கூப்பிட்டாச்சு. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "நேத்து நெட்டு பறந்துச்சே, ஏன்யா மாத்துனீங்க?" பெட்டியில ஒரு குறையும் இல்லை. நேத்து போன் வயரைத்தான் நான் அதுல தப்பான ஓட்டையில சொருகியிருக்கேன். கையெழுத்துப் போட்டுடுங்க மாமா. மேனேஜர் போட்ட மார்க் சரிங்கறதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.