விசாரணை அண்ணையும் செவ்வாய்க்கிழமை ராகுவும்

அந்த நாட்களில் மொன்றியல் தமிழர்களைக் கேள்வி கேட்டுக் குடைந்தவர்கள் இரண்டே தரப்பு. ஒன்று குடிவரவு அலுவலகம். மற்றது விசாரணை அண்ணை. அலுவலகமாவது சனி, ஞாயிறு லீவு விடும்.

எண்பதுகளில், எங்கள் எல்லோருடைய அகதிக் கேஸும் இழுபட்டுக்கொண்டிருந்த காலம். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நடுத்தட்டில் நான், மனைவி, பதின்மூன்று மாத மகள். கீழ்த்தட்டில் அவர். மட்டக்களப்புக்காரர். ஊரில் நில அளவையாளர்களுக்குச் சங்கிலி பிடித்தவர். இங்கே டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர். முள்ளுக்கரண்டி ஏன் இடப்பக்கம் என்று இவர் கேட்க, மேலாளர் பதில் தேடப் போன இடைவெளியில் ஒரு விமானம் பட்டர் இல்லாமலேயே பறந்துவிட்டது என்று சொல்வார்கள். பஸ் ஏன் மூன்று நிமிடம் பிந்தியது என்று ஒருநாள் ட்ரைவரைக் கேட்டார். ட்ரைவர் தன் வாழ்க்கைக் கதையைத் தொடங்கினார். பஸ் இருபது நிமிடம் பிந்தியது.

தன்னுடைய அகதி விசாரணையிலும் அதிகாரி ஒன்று கேட்டால் இவர் இரண்டு கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் விசாரணை. அவரைக் கண்டால் எங்கள் ஆட்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாவுவார்கள். உளவாளி என்றும் ஒரு கதை உலாவியது. உளவாளி இவ்வளவு சத்தமாகவா கேட்பான்?

ஒரு டிசம்பரில் இருமலுக்கு மருந்து கேட்டு எங்கள் பகுதிக் கிளினிக்குக்குப் போனவர், அங்கே ஒரு புதினத்தைக் கண்டார். ஓர் அறை நிறைய வெறும் கதிரைகள், நடுவில் ஒரு நர்ஸ். பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, அதாவது தட்டம்மை ஊசி போடத் தமிழர்களுக்கென்றே தனி நேரம் ஒதுக்கி, தமிழ் பேசும் மாணவி ஒருத்தியையும் உட்கார வைத்திருந்தார்கள். வாரக்கணக்காக ஒரு குஞ்சும் வரவில்லை. "உங்கள் ஆட்களுக்கு ஊசியில் நம்பிக்கை இல்லையோ?" என்று நர்ஸ் கேட்டாராம். இருமல் அங்கேயே பறந்துவிட்டது. அண்ணைக்கு ஒரு 'ஏன்' கிடைத்துவிட்டதே!

கொப்பியும் பென்சிலுமாக வீடு வீடாக ஏறினார். ஒரு வீட்டில், ஊசி அட்டையில் பெயர் பதிந்தால் கேஸுக்கு வில்லங்கம் வரும் என்று பயம். இன்னொரு வீட்டில், இரவு வேலை முடித்த புருஷன் நித்திரை, பனிக்குள் தள்ளுவண்டியை யார் இழுப்பது என்று கவலை. மூன்றாவது வீட்டுப் பெண், "ஊரில மிட்வைஃப் அம்மா வீட்டை வந்து ஏசி எல்லோ கூட்டிக்கொண்டு போவா? இஞ்ச ஒருத்தரும் ஏசேல்ல. அவசரமில்லையாக்கும் எண்டு இருந்திட்டன்" என்றாள். அண்ணை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஆனால் திருப்திப்படவில்லை.

எங்கள் வீட்டில் மனைவி சொன்ன காரணம் குளிர். எனக்கும் அதையேதான் சொல்லியிருந்தார். புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலைக்கு விடிய முன்னே ஓடுகிற நானும் நம்பிவிட்டேன்.

"குளிரெண்டால் கடைக்கு எப்பிடித் தங்கச்சி போறீங்க?"

"அது காலமை, அண்ணை."

"அப்ப பின்னேரம் போனா என்ன?"

"பின்னேரமும் போகலாம். செவ்வாய்தான்..."

"செவ்வாயில என்ன?"

மூன்றாவது தேத்தண்ணியில் உண்மை வெளியே வந்தது.

"செவ்வாய்க்கிழமை மூண்டு தொடக்கம் நாலரை ராகுகாலம் அண்ணை! அந்த நேரத்திலயோ பிள்ளைக்கு ஊசி குத்துறது? இதை அந்த நர்ஸுக்குச் சொல்லேலுமே? அவ சிரிப்பா."

வாரத்தில் ஏழு நாள் இருக்க, கிளினிக்காரர் எங்கள் நன்மைக்கென்று அன்போடு தேடிப் பிடித்து அந்த ஒன்றரை மணித்தியாலத்தையே ஒதுக்கியிருந்தார்கள். நான் கத்தினேன். "உமக்குப் பிள்ளையில அக்கறை இல்லையோ?"

மனைவியின் கண் கலங்கிவிட்டது. "என்ர தம்பிக்குச் சின்னமுத்து வந்துதான் ஒரு காது போனது. எனக்கோ பயமில்லை? பயத்திலதான் நல்ல நேரத்தில போடவேணும் எண்டுறன்."

அந்த வாரமே அடுத்த தெருக் கிரேக்கர் வீட்டுச் சிறுமிக்குச் சின்னமுத்து என்று செய்தி வந்தது. மகள் தும்மினாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளை மாற்றச் சொல்லி அண்ணை கிளினிக்குக்கு ஓடினார். மற்ற நாட்களில் அறை பல் வைத்தியருக்காம். மாணவி செவ்வாய் மட்டும்தான் வருவாளாம். அதன் பிறகு மூன்று நாள், விடியும்போதும் பொழுது படும்போதும் அவர் மொட்டை மாடியில் நின்றார். குதிக்கப் போகிறார் என்று பயந்து கட்டடக் காவலாளி மேலே ஏறினான். அவனிடமும், "இந்த ஊரில சூரியன் ஏன் இவ்வளவு பிந்தி வருது?" என்று கேட்டிருக்கிறார். பேப்பரில் உதய நேரம் போடுவார்கள்தான். அண்ணைக்குப் பேப்பரில் நம்பிக்கை இல்லை.

நான்காம் நாள் கொப்பியோடு வந்து எங்கள் குசினி மேசையில் உட்கார்ந்தார்.

"ராகுகாலம் எண்டா என்ன தங்கச்சி? பகலை எட்டாப் பிரிச்சு அதில ஒரு பங்கு. செவ்வாய்க்கு ஏழாம் பங்கு. ஊரில சூரியன் ஆறுக்கு வந்து ஆறுக்குப் போகும். இஞ்ச ஏழரைக்கு வந்து நாலு பன்னிரண்டுக்குப் போயிடும். அப்ப ராகு மட்டும் ஏன் ஊர் நேரத்தில வேலை செய்யவேணும்? இஞ்ச அவனுக்கு மூண்டு அஞ்சோட வேலை முடிஞ்சுது."

மனைவி ஊரில் கணக்கு ரீச்சர். பென்சிலைப் பறித்து, கூட்டி, பிரித்து, திரும்பப் பெருக்கிப் பார்த்தார்.

"பிழை அண்ணை. மூண்டு ஏழு."

தன் கணக்குப் பிழைத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. திருத்திய கணக்கோடு மற்ற வீடுகளுக்கும் திரும்ப ஏறினார்; அங்கேயும் சொன்ன காரணங்களுக்கு அடியில் ஒளிந்திருந்தது அதே ராகுதான்.

அடுத்த செவ்வாய் நான் லீவு போட்டேன். கொட்டும் பனியில் கிளினிக் வாசலில் பதினொரு தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. நர்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பொன்ஜூர், வாங்கோ, வாங்கோ" என்று கையால் அழைக்கிறார். ஒருத்தியும் அசையவில்லை. முன்னால் அண்ணை, ஒரு கையைத் தூக்கியபடி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய தொப்பியில் இரண்டு அங்குலம் பனி. மூன்று ஏழு. கை இறங்கியது.

"ராகு போயிட்டான்! வாங்க!"

பதினொரு வண்டியும் ஒரே கதவில் முட்டின. நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ஏன்? ஏன்?" என்று பிரெஞ்சில் கேட்டார். தமிழர் வரலாற்றில் முதல் தடவையாக விசாரணை அண்ணை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வானத்தைக் காட்டி, "சூரியன், மதாம்" என்றார். மகள் வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அண்ணை, நீங்கள் ராகுகாலம் நம்புறனீங்களோ?" என்று திரும்பி வரும்போது கேட்டேன்.

"நான் வேதக்காரன் மனே, சேர்ச்சுக்குப் போறவன். தங்கச்சி நம்புறாதானே?" என்றார்.

அடுத்த வருடம் வேலை தேடி ரொறொன்ரோ போனார். அதோடு தொடர்பு விட்டுப்போயிற்று.

போன மாதம் மகள் தன் பிள்ளையின் ஊசிக்காகத் தன்னுடைய பழைய அட்டையைத் தேடி எடுத்தாள். ஓரத்தில் மனைவியின் கையெழுத்தில், ஊசி போட்ட நேரம் '3.12' என்று இருந்தது. கதை முழுவதையும் சொன்னோம். சிரித்து முடித்துவிட்டு, "அந்த மாமாட உண்மையான பேர் என்னப்பா?" என்றாள்.

எங்கள் பிள்ளைக்காக வீடு வீடாகக் கேட்டுத் திரிந்த அந்த நல்ல மனிதரிடம், நாங்கள் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.