கரையாத மச்சான்

மச்சானைப் பின்னறையில் குடியேற விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆறு மாசப் பயிற்சியாம். எங்கள் வீட்டிலிருந்துதான் போய்வருவானாம். அந்தப் பின்னறை என் மதியத் தூக்கத்தின் தலைநகரம். அதுவும் போய்விட்டால், இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சுவது என் வழுக்கை மட்டும்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். கரைசல் பாடம் முழுக்க உவமையாலேயே நடத்துவேன். கடைசி பெஞ்சுக்காரனும் தலையாட்டுவான். பெண்டாட்டி ஆட்டமாட்டாளா?

சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினேன். டப்பா பாதி காலி. அதற்குமேல் போட்டது அடியில் உட்கார்ந்துகொண்டது.

"இந்தா பாரு. தண்ணிதான் நம்ம வீடு. சர்க்கரை நாம."

"நாம இவ்வளவு இனிப்பா?"

"பாடத்தைக் கவனி. நீ, நான், பாப்பா, மூணு பேரும் கரைஞ்சாச்சு. இனிமே ஒண்ணு வந்தாலும் கரையாது. இதுக்குப் பேரு தெவிட்டிய கரைசல்."

"அப்போ அடியில கிடக்கிறது என் தம்பியா?"

"நான் சொல்லல. நீயே சொல்லிட்ட."

அவள் பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். கலக்கினாள். அடியில் இருந்தது போன இடம் தெரியவில்லை.

"பாருங்க, கொஞ்சம் சூடு காட்டினா எல்லாரும் அடங்கிடுறாங்க."

வாத்தியாருக்கே பாடமா? விடுவேனா?

"எல்லாமே அப்படி இல்லடி. சோடாவைச் சூடு பண்ணிப் பாரு. அதுல கரைஞ்சிருக்கிற வாயு நிக்காது. சூடு ஏற ஏற வெளிய ஓடிடும். உன் தம்பி அந்த ரகம். நாலு நாள் தாங்கமாட்டான்."

"சூடு ஏறினா வெளிய ஓடுறதுதான் வாயுவா?"

"அதேதான்."

"நம்ம வீட்ல பேச்சு சூடேறினா, சட்டையை மாட்டிக்கிட்டுத் தெருவுக்கு ஓடுறது யாருங்க?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"அப்பாதான்," என்றாள் பாப்பா, சிந்திய சர்க்கரையை விரலில் தொட்டு நக்கிக்கொண்டே.

எனக்கு வந்ததே கோபம். முகமெல்லாம் கொதித்தது. வேதியியலை இப்படியா கேவலப்படுத்துவது என்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

உள்ளே பின்னறையைக் கூட்டும் சத்தம் கேட்டபோதுதான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நான் தெருவில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.