ஏலூருக்குப் போன அப்பன்

"எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கு மேடம், மனசுல ஒரு பாரமும் இல்ல" என்றாள் செல்வலட்சுமி.

ஸுப்ரியாவின் கையிலிருந்த வாரக் குறிப்பு ஃபாரம் காலியாகவே இருந்தது. மட்டாஞ்சேரியில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்வரும் பணியாளர்கள், வாரம் ஒருமுறை அவளிடம் மனச்சுமையை இறக்கிவைக்க வேண்டும். அவள் புத்தி சொல்லக் கூடாது, கேட்டுக்கொள்ள வேண்டும். தேவராவில் மூன்று நாள் பயிற்சி எடுத்த மேதை அவள்.

"எதானும் சங்கடம் உண்டோ அக்கா? ஃபாரம் காலியா போனா எனக்கு ஜோலி போயிடும்."

பிறகு, பயிற்சியில் சொன்னபடி மௌனமாக இருந்தாள். நாலு நிமிடம். செல்வலட்சுமி நெளிந்தாள்.

"ஒரு வீட்டுல புள்ள சிரிக்கவே மாட்டேங்குது மேடம்."

"அப்போ உங்களுக்கு என்ன தோணித்து?"

"பாவமா இருந்துச்சு."

ஸுப்ரியா மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம், அந்தக் குழந்தையின் அப்பன் ஏலூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை என்றாள் செல்வலட்சுமி. அதற்கடுத்த வாரம் அம்மா படுத்த படுக்கை. ஸுப்ரியாவுக்குக் கண் கலங்கியது. கேட்கிறவள் அழுதால் என்ன செய்வது என்று பயிற்சியில் சொல்லித்தரவில்லை. செல்வலட்சுமிதான் சாயா வாங்கிக் கொடுத்து முதுகைத் தடவினாள். மேலதிகாரி ஃபாரத்தைப் படித்துவிட்டுப் பாராட்டினார். ஸுப்ரியாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாலாவது வாரம், "அந்தம்மா புள்ளையை யார்கிட்டயாச்சும் குடுத்துடலாம்னு அழுவுது மேடம்" என்றாள் செல்வலட்சுமி.

கேட்கிறவள் அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்பது விதி. மறுநாள் காலை விதியை மறந்து, பால்பவுடர் டப்பாவோடு கிளம்பினாள் ஸுப்ரியா. வழி கேட்க செல்வலட்சுமியின் வீட்டுக்குப் போனபோது அவள் இல்லை. சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் அவள் கணவன் பாண்டியராஜன் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"சேட்டா, சிரிக்காத குழந்தை இருக்கற வீடு எங்கே? நான் கொண்டுபோய் வளர்க்கறேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பாண்டியராஜன் சீப்பைக் கீழே வைத்தான்.

"அப்படி ஒரு வீடே இல்ல மேடம், உங்க வேலை போயிடக் கூடாதுன்னு நானும் அவளும் வாராவாரம் உட்கார்ந்து யோசிச்சது, நீங்க இப்படி அழுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்த அப்பனை ஏலூருக்கே அனுப்பியிருக்க மாட்டோம்."