ஒன்பதாம் எண்ணுக்கு இருபத்து மூன்று மார்க்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் பணிவோடு எழுதிக்கொள்வது.

நான் நலம். உங்கள் நலத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் போன கடிதத்தில் இடது முழங்காலுக்கு ஒரு பக்கம், வலது முழங்காலுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியே எழுதிவிட்டீர்கள். விசாரிக்க மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அம்மா போன பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் என்பதால், முழங்காலையும் நான் இரண்டு முறை படித்தேன்.

பல்கலைக்கழக இதழில் வந்த என் படத்தைத் தெருமுனை மருந்துக்கடை வரை கொண்டுபோய்க் காட்டினீர்களாமே. "எங்க அக்கா பொண்ணு நட்டநடுவுல நிக்கறா பாருங்க, அவ இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது" என்று சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமா, தயவுசெய்து அந்தப் படத்தை மடித்து அலமாரியில் வையுங்கள். எங்கள் நூலகத்தில் இருபத்தாறு பேர் வேலை செய்கிறோம். அதில் நம்மைப் போன்ற வீட்டிலிருந்து, நம் நிறத்தோடு வந்தவள் நான் ஒருத்திதான். நூலகத்தில் எல்லா வகை மனிதர்களும் வேலை பார்க்கிறார்களா என்று மேலிடம் கேட்டதும், கேமராவோடு ஓர் ஆளை வரவழைத்தார்கள். என்னை அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று, கணினிக்கு முன்னால் ஒன்று, படிக்கட்டில் ஒன்று என்று ஸ்வெட்டர் மாற்றி மாற்றி எடுத்தார்கள். வாசல் பேனரில் நான், நாட்காட்டியில் நான், கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகையில்கூட அம்புக்குறிக்குப் பக்கத்தில் நான். அந்தக் குழுப் படத்தில் என் வலப்பக்கம் பல் தெரியச் சிரிக்கிறாரே ஓர் அம்மாள், அவரும் நம் நிறம்தான், ஆனால் நூலகரே இல்லை, நகல் எடுக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவர். என்னை மட்டும் வைத்து எடுத்தால் போதாது என்று அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கி வைத்துவிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். புத்தகம் தலைகீழாக இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். படம் எடுத்து முடிந்ததும் அவர் இயந்திரத்திடம் போய்விட்டார், மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள், நான் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டு நின்றேன்.

யாரும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் பிரச்சினையே. சாப்பாட்டு அறையில் எட்டு நாற்காலி உள்ள மேசை ஒன்று இருக்கிறது. நான் போகும்வரை உள்ளே சிரிப்பும் கும்மாளமும் கேட்கும். நான் டப்பாவைத் திறந்து உட்கார்ந்ததும் எல்லோரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒழுங்காகிவிடுவார்கள். "இன்னிக்கு வெயில் கொஞ்சம் அதிகம்ல" என்பார் ஒருவர். "ஆமாமா, நேத்தைவிட அதிகம்" என்பார் இன்னொருவர். பதினோரு வருடமாக நான் அவர்களோடு வெயிலைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். அதனால் கொஞ்ச காலமாக அடித்தளத்தில் போய்ச் சாப்பிடுகிறேன். அங்கே சக்கரத்தைச் சுற்றினால் தண்டவாளத்தில் நகரும் இரும்பு அலமாரிகள் இருக்கின்றன. பழைய ஆய்வேடுகள் உள்ள இரண்டு அலமாரிக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வேன். போன மாதம் ஒரு பேராசிரியர் வந்து அந்தப் பக்கமிருந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சோற்று டப்பா நசுங்குகிற அளவுக்கு அலமாரி வந்துவிட்டது. "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" என்று கத்தினேன். அவர் பதறிப்போய் எட்டிப் பார்த்து, "மன்னிச்சிருங்கம்மா, இங்க ஆள் இருப்பாங்கன்னே நான் நினைக்கல" என்றார். நான் சிரித்துவிட்டு மேலே வந்தேன், பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஓர் உதவி நூலகர் இடம் காலியானது. மாமா, உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நம்மைப் போல ஓர் ஆள் அந்த இடத்துக்கு வர வேண்டும். நான் உட்கார்ந்தாலும் வெயிலைப் பற்றிப் பேசாத ஓர் ஆள். எங்கள் தலைமை நூலகர் அம்மாள் நல்ல மனசுக்காரர். பன்முகத்தன்மைக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து என்னைத் தலைவியாக்கினார். உறுப்பினர்கள் யார் என்று கேட்டேன். "இப்போதைக்கு நீங்கதான்" என்றார். ஆக, நானே கூட்டம் கூட்டி, நானே வந்து, நானே குறிப்பெழுதி, நானே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினேன். முன்பெல்லாம் ஆள் எடுக்கும்போது "நம்மகூட ஒத்துப்போற ஆளா இருக்கணும்ல" என்று சொல்லியே வேண்டியவரை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் ஒரு மதிப்பெண் தாள் தயாரித்தேன். விண்ணப்பதாரரின் பெயர், ஊர், வயது, படித்த கல்லூரி, முன்பு வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் அலுவலகத்தில் மறைத்துவிட்டு, மறுபடி தட்டச்சு செய்து, எண் போட்டுக் கொடுப்பார்கள். அனுபவத்துக்கு இத்தனை, தகுதிக்கு இத்தனை, கடிதத்துக்கு இத்தனை என்று நூறு மார்க். முகம் பார்க்காமல் நியாயம் வழங்கப்போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைமை நூலகர், நான், மூன்றாவதாக அரிய நூல் பிரிவுக்காரர். பழைய புத்தகத்தைத் தொட வெள்ளைக் கையுறை போடுவார், அதைக் கழற்றாமலே பிஸ்கட்டும் சாப்பிடுவார், ஆகையால் அவருக்குக் 'கையுறை' என்று பெயர் வைத்திருக்கிறேன்; மனசுக்குள்தான். இந்த மனிதர்தான் முட்டுக்கட்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் போனால், நடந்தது வேறு. ஒன்பதாம் எண் விண்ணப்பம் என்று ஒன்று வந்தது. தொடர்பில்லாத சில்லறை வணிகத்தில் ஆறு வருடம், அதோடு அஞ்சல்வழியில் ஒரு பட்டம், நூலக அனுபவம் துளியும் இல்லை. கடிதத்தையாவது பார்ப்போம் என்றால், ஐயோ மாமா! "அறிவாலயத்தின் ஒவ்வொரு தூசியையும் என் உறவாகக் கருதுவேன்" என்று ஒரு வரி. "நூல்களைத் தொடும் பாக்கியம் பெறும் விரல்கள் பெருந்தவம் செய்தவை" என்று இன்னொரு வரி. கல்யாணப் பத்திரிகையே தோற்றுவிடும். இதெல்லாம் போக, கடைசியில், "இந்த வேலை கிடைத்தால் எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆள் நானாக இருப்பேன்" என்று எழுதியிருந்தது. கையுறை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பாவம், கூப்பிட்டுத்தான் பார்ப்போமே" என்றார். நான் விடவில்லை. "சார், நாற்காலிக்கு ஆசைப்பட்டு வர்றவங்களுக்கெல்லாம் நூலகத்துல வேலை குடுக்க முடியாது. இரக்கப்பட்டு எடுக்கறது தகுதி உள்ளவங்களுக்குச் செய்யற அவமானம்" என்று கறாராகச் சொல்லி இருபத்து மூன்று மார்க் போட்டேன். நாற்பத்தொரு விண்ணப்பத்தில் அதுதான் கடைசி. தலைமை நூலகர் ஏனோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டிப்பைக் கண்டு மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஐந்து இடம் பெற்றவர்களின் பெயரை நேற்றுத் திறந்து பார்த்தோம். ஐந்து பேரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் அச்சு. நான்கு பேர் ஒரே கல்லூரி, அதில் இருவர் ஒன்றுவிட்ட சகோதரர்கள். கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் அதே ஆட்கள்தான் வருகிறார்கள் என்றால் நான் என்ன செய்ய? குற்றம் என் தாளில் இல்லை, மாமா. நம் ஆட்கள் தகுதியை வளர்த்துக்கொள்வதில்லை, வளர்த்துக்கொண்டாலும் ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரிவதில்லை. என்னாலானதைச் செய்துவிட்டேன், மனசு கசந்துவிட்டது. குழுவைக் கலைத்துவிடுவதாக நாளை எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதுவும் ஒருமனதாகத்தான் நிறைவேறும். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் பேச ஆளில்லாமல் வானொலிக்குப் பதில் சொல்கிறேன், அது பழகிவிட்டது. அலுவலகத்திலும் ஸ்டூல் பழகிவிடும். ஆகவே இனி யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், அவள் ஒருத்திதான் அங்கே தகுதியால் நுழைந்தவள் என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யில்லை.

உங்கள் முழங்கால்கள் இரண்டும் உங்கள் பேச்சைக் கேட்டு நடக்கவும், அத்தை உங்கள் பேச்சைக் கேட்காமலே சௌக்கியமாக இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆசிக்குக் காத்திருக்கும்
அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தலைமை நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஒம்பதாம் நம்பர் இந்த வேலைக்கு வந்தது இல்ல. நான்தான் நடுவுல வச்சேன். உங்க தாள் சரியா வேலை செய்யுதான்னு பாக்க, ஏற்கெனவே இங்க நல்லா வேலை செய்யற ஒருத்தரோட பழைய விண்ணப்பத்தைப் போட்டுப் பாத்தேன். முதல் இடம் வரும்னு நினைச்சேன்" என்று சொல்லி, மூலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஓரத்தில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு என் படம். செருப்புக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்த ஆறு வருடத்தைத்தான் 'சில்லறை வணிகம்' என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். உன் கடிதமே உனக்கு அடையாளம் தெரியவில்லையா என்று கேட்காதீர்கள். அதை எழுதியது நீங்கள். கடைக்கு நேரமாகிவிட்டதென்று நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். தூசியை உறவாக்கினது நீங்கள், உட்கார்ந்து வேலை செய்கிற ஆசையை எழுதினதும் நீங்கள். என் மகளாவது உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று அம்மா உங்களிடம் சொல்லித்தானே அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவின் ஆசைக்கு நான் மார்க் போட்டிருக்கிறேன். மேலே எழுதியதில் உங்கள் முழங்காலைத் தவிர எதையும் நம்பாதீர்கள்.

மற்ற விண்ணப்பங்களின் மூலத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு அடித்தளத்துக்கு வந்துவிட்டேன். நான் தள்ளிய முப்பத்தைந்தையும் மார்க் போடாமல் படித்தேன். அதில் ஒருவர் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் படுக்கை விரிப்பு மாற்றியிருக்கிறார்; நோயாளிகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டினேன் என்று பிழையோடு எழுதியிருக்கிறார். அவரோடு சேர்த்து நான்கு பேரை நேர்காணலுக்குக் கூப்பிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் யாருக்கு வேலை கிடைக்குமோ, யாருக்கும் கிடைக்காதோ, எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை, மாமா, படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.