கரியம்மாவும் இலைச்சாற்றுக் குடிநீரும்

குடிநீர் ஏரியைச் சுற்றி மரம் நட வேண்டும் என்று முன்பொரு காலத்தில் ஓர் அதிகாரி ஆணையிட்டார். மரங்களும் ஆணைக்குக் கட்டுப்பட்டு வளர்ந்தன. இலைகளை எங்கே உதிர்ப்பது என்று ஆணையில் இல்லாததால் ஏரியிலேயே உதிர்த்தன. இலை ஊறி மட்கி, தண்ணீர் டீ நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

இதனால் தூக்கம் கெட்டது சுத்திகரிப்பு நிலையத்தின் வேதியியலாளர் ஒருத்திக்குத்தான். பாவம், அவளுக்கு விஷயம் தெரியும். கிருமியைக் கொல்லத்தான் குளோரின். ஆனால் அது இலைச்சாற்றைக் கண்டால் வந்த வேலையை மறந்து அதோடு கூட்டுச் சேர்ந்து, உடம்புக்கு ஆகாத புதுப்புதுச் சரக்குகளை உண்டாக்கிவிடும். அதற்கு முன்பே இலைச்சாற்றை உறிஞ்சிவிட நிலையத்தில் ஒரு கரிப்படுகை இருந்தது. அதிலிருந்த கரி என்றைக்கோ உறிஞ்சிக் களைத்து ஓய்ந்துவிட்டது. புதுக் கரி கேட்டுக் கேட்டு அவளுக்குக் 'கரியம்மா' என்ற பேர் வந்தது, கரி வரவில்லை. அவளுடைய மகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

கண்ணால் பார்த்தாலாவது உறைக்கும் என்று, ஒருநாள் தலைமைப் பொறியாளர் மேஜையில் இரண்டு டம்ளர் வைத்தாள். ஒன்றில் ஊருக்குப் போகிற பழுப்புத் தண்ணீர். இன்னொன்றில் நல்ல கரியில் வடித்த தெளிந்த தண்ணீர். பெரியவர் போனில் பேசிக்கொண்டே பழுப்பு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

"அடடே, மணமா இருக்கே. என்னம்மா போட்டே?"

"ஒண்ணும் போடலைங்க ஐயா. அது இலை அழுகின தண்ணி."

"இலையா? அப்போ மூலிகைன்னு சொல்லு."

"மூலிகை இல்லைங்க. அழுகல்."

"யாரும் கவனிக்காம ஊறினா அழுகல். கவனிச்சு ஊறினா மூலிகை. இப்பதான் நான் கவனிச்சிட்டேனே."

மறுவாரமே 'இயற்கை இலைச்சாறு செறிவூட்டப்பட்ட பொதுக் குடிநீர்' குழாய்களில் பாய்வதாக அறிவிப்பு வந்தது. தண்ணீர் அதேதான். ஊர் தலைகால் புரியாமல் ஆடியது. விருந்தாளி வந்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எங்க தெருத் தண்ணி உங்களதைவிட அடர்த்தி" என்று பீற்றிக்கொண்டார்கள். வாடகை விளம்பரங்களில் 'அடர்நிறக் குழாய் உண்டு' என்று போட்டார்கள். வெளிறிய தண்ணீர் வந்த தெருக்காரர்கள் மறியல் செய்யவே, அவை 'நிறப் பற்றாக்குறைப் பகுதிகள்' என அறிவிக்கப்பட்டு, லாரியில் இலை அனுப்பப்பட்டது. இலை கூடக் கூடக் குளோரினையும் கூட்டினார்கள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதற்குப் 'புத்துணர்ச்சி மணம்' என்று துறை பேர் வைத்தது.

ஒருநாள் சோப்பு வாங்கக் கடைக்குப் போன கரியம்மா அப்படியே நின்றுவிட்டாள். சோப்பில் கரி, பற்பசையில் கரி, ஐஸ்கிரீமில்கூடக் கரி. நேரே பெரியவர் அறைக்குப் போனாள்.

"ஐயா, இலையெல்லாம் பழசாயிடுச்சு. இப்ப எங்க பார்த்தாலும் கரிதான்."

"அப்படியா?"

"ஐஸ்கிரீம்லயே போடறாங்க."

"இவ்வளவு நாளா இதை ஏன்மா நீ சொல்லவே இல்லை?"

கரியம்மா தன் பழைய கரி விண்ணப்பத்தையே தேதி மாற்றி நீட்டினாள். லாரி லாரியாகக் கரி வந்து இறங்கியது. இலை லாரிகள் நின்றன. 'கரிக் குடிநீர்' என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். படுகையிலிருந்து கண்ணாடி போலத் தண்ணீர் விழுந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். நிலைய வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"கரித் தண்ணின்னு சொல்லிட்டு வெறும் தண்ணியை விடறீங்களே, கரியை யார் தின்னது?"

பெரியவர் அவளைக் கூப்பிட்டு விட்டார். "கரி போட்டும் கறுக்கலையேம்மா. ஊழல்னு பேசறாங்க."

"கரி அழுக்கை எடுக்கத்தான் ஐயா, தண்ணியைக் கறுப்பாக்க இல்லை."

"இதை அவங்ககிட்ட சொன்னா என்னை எடுத்துடுவாங்க."

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சான்றுப்பொருளைப் பாதுகாக்க வேண்டும் அல்லவா? எனவே படுகையிலிருந்த கரி முழுவதையும் மறுநாளே தோண்டி எடுத்து, முத்திரையிட்டுப் பூட்டி வைக்க உத்தரவாயிற்று. விசாரணை முடியும்வரை மக்களின் நலன் கருதி மறுபடி இலை.

கரியம்மா கடைசித் தெளிந்த தண்ணீரை ஒரு கேனில் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்தாள். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இதுல ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதாண்டி இத்தனை பாடு."

கணவனும் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். "அங்கயே வேலை பார்த்து என்ன புண்ணியம்? நம்ம வீட்டுக்குன்னு நாலு இலை எடுத்துட்டு வரக் கூடாதா?"

இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். "நன்றி கெட்ட ஜென்மங்கள்" என்று முனகிக்கொண்டே அவள் டம்ளர் நிறைய ஊற்றி ஒரு வாய் குடித்தாள். இத்தனை வருஷம் போராடிப் பெற்ற தண்ணீர். உள்ளதைச் சொன்னால், சப்பென்றுதான் இருந்தது. அடுப்படிக் குடத்தில் பழைய பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து டம்ளரில் கலந்துகொண்டாள்.